வளப்பூர் நாட்டில் 'சீட்டு கிடைக்குமா?' என்று கேட்கப்படுகிறவர்களுக்கு

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டு ஊர்க்கவுண்டர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், படித்துவிட்டுக் கீழே வேலைக்குப் போன அண்ணன்மார் அக்காமாருக்கும், செம்மேட்டில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர்களுக்கும்,



பிளஸ் டூ படிக்கும் பிள்ளையோ அதன் அப்பாவோ முதலில் கேட்பது உங்களைத்தான். "சார், இந்த மார்க்குக்கு என்.ஐ.டி. வருமா?" "அண்ணா, டாக்டர் சீட்டு கிடைக்குமா?" நீங்களும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறீர்கள். "அதெல்லாம் நமக்கு எட்டாதுப்பா" என்பது ஒரு பதில். "எஸ்.டி.தானே, பாஸானாலே கூப்பிட்டுக் கொடுப்பான்" என்பது இன்னொன்று. முதலாவதைக் கேட்ட பிள்ளை விண்ணப்பமே போடுவதில்லை. இரண்டாவதைக் கேட்ட பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறது. இரண்டு பதிலுமே கணக்குப் போடாமல் சொன்னவை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலையில் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிட்டால் ஆளில்லை என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் தம் மதிப்பெண், விளையாட்டு, வாசித்த வாத்தியம், செய்த தொண்டு எல்லாவற்றையும் எழுதிவைத்து, "எனக்கு எவ்வளவு வாய்ப்பு?" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கேட்பார்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் இடம். யாரை எதற்காக எடுத்தார்கள் என்பது தேர்வுக் குழுவின் அறைக்கு வெளியே யாருக்கும் சரியாகத் தெரியாது. அங்கே ஊகித்துத்தான் ஆக வேண்டும். இந்தியாவில் அந்தத் தொல்லை இல்லை. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்துக்கு, எந்தப் பிரிவில், கடைசியாக எந்த எண்ணுக்கு இடம் கொடுத்தார்கள் என்பது வெளியில் கிடக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு ஜோசா என்னும் கலந்தாய்வு அமைப்பு சுற்றுவாரியாக வெளியிடுகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கல்லூரிவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் இணையத்தில் இருக்கிறது. இவ்வளவும் கைபேசியில் கிடைக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

நாம் பார்க்கும் எண்ணே தவறானது என்பதுதான் முதல் கோளாறு. ஆண்டுதோறும் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது பொதுப்பிரிவுக் கட்-ஆஃப். அதைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறோம். சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி விலையைக் கேட்டுவிட்டு அந்த விலைக்கு மிளகை விற்றுவிட்டு வருகிறவர் நம்மில் ஒருவரும் கிடையாது. பிள்ளை விஷயத்தில் மட்டும் அதைச் செய்கிறோம்.

பிள்ளையின் பெயர் எந்தெந்தப் பட்டியலில் வரும், அந்தப் பட்டியலுக்கு எத்தனை இடம், அதில் எத்தனை பேர் போட்டி என்று முதலில் கேட்க வேண்டும். மதிப்பெண்ணை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

ஓர் உண்மை நடப்பைச் சொல்கிறேன். 2024இல் பச்சைமலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் கிடைத்தது. செய்தித்தாள்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வில் அவர் பெற்றது 73.8. அதே ஆண்டு, பொதுப்பிரிவு மாணவர் ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதும் தகுதியைப் பெறவே 93.23 சதமானம் வேண்டியிருந்தது. அந்த மாணவியின் எண்ணை நம் மலையில் யாரிடமாவது காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், இப்ப ஏதாவது டிகிரி சேரு" என்றுதான் சொல்லியிருப்போம்.

அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பலரும் "கோட்டா" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டாவுக்குள் இருக்கும் கணக்குத்தான் நமக்கு வேண்டியது. என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. திருச்சி என்.ஐ.டி.யின் நூறு இடத்தில் ஐம்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அந்த ஐம்பதுக்குள் மத்திய அரசின் கணக்குப்படி பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய நான்கு. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பழங்குடியினர் எத்தனை பேர்? 2011 கணக்கெடுப்பில் 7.95 லட்சம், அதாவது 1.1 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவராக இருக்கும் மக்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடம். அதிலும் 2018 முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் மாணவிகளின் பங்கு குறையாமலிருக்கப் பெண்களுக்கென்று கூடுதல் இடம் ஒதுக்குகிறார்கள். ஆகவே தமிழ்நாட்டில் படித்த பழங்குடிப் பெண்ணுக்கென்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் போட்டியிடுகிறவர்கள் மிகவும் குறைவு. வளப்பூர் நாட்டிலிருந்து கணக்குப் பாடம் எடுத்த ஒரு பெண் ஜே.இ.இ. எழுதினால் அவள் பெயர் வந்து நிற்கும் பட்டியல் அதுதான். எனக்குத் தெரிந்து, நம் மலைப் பிள்ளைகளுக்குத் தரமான பொறியியல் கல்லூரியில் இதைவிட நல்ல வாய்ப்புள்ள இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தைக்கூட அடுத்ததாகத்தான் சொல்வேன்.

ஏன் என்றால், மாநிலக் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ளது 1 விழுக்காடு. 1990 முதல் அதுதான். மக்கள்தொகைக்குச் சரியாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒரு விழுக்காட்டுக்கு நாம் மட்டும் நிற்கவில்லை. சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது, ஏலகிரி, நீலகிரி எல்லாம் நிற்கின்றன. நகரத்தில் அரசு வேலையிலிருக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

மருத்துவத்தில் இது எப்படி வந்து முடியும் என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அகில இந்திய ஒதுக்கீடு போக மாநிலத்துக்கு நிற்கும் எம்.பி.பி.எஸ். இடங்கள் நாலாயிரத்துக்குச் சற்று மேல். ஒரு விழுக்காடு என்றால் நாற்பது சொச்சம். 2020இல் வந்த சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதற்குள் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. நாற்பதில் ஏழரை விழுக்காடு மூன்று. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் முழுவதற்கும் மூன்று. இந்தச் சட்டத்தால் மாநில அளவில் பெரிய மாற்றம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளே எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். சட்டம் வந்த முதலாண்டிலேயே பல் மருத்துவத்தையும் சேர்த்து ஏறக்குறைய 400 இடம். ஆனால் பழங்குடிப் பிள்ளைக்கு அதில் கிடைத்த கூடுதல் வாய்ப்பு கைவிரலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே "எஸ்.டி.க்கு டாக்டர் சீட்டு சும்மா கிடைக்கும்" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். நீட் எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு நீட்டுக்கென்று வீட்டிலேயே உட்காரவைப்பதற்கு முன் இந்த மூன்று என்ற எண்ணைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் உட்காருவேன் என்று பிள்ளை சொன்னால், அது தெரிந்து எடுத்த முடிவு.

பொறியியலில் இதே 7.5 விழுக்காட்டுக்கு வேறு மதிப்பு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் அரசுப் பள்ளி ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்கிற பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளே. கட்-ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரியும், ஆனாலும் பல வீடுகளில் மொத்த மதிப்பெண்ணை வைத்தே பேசுகிறார்கள் என்பதால் ஒருமுறை எழுதிவிடுகிறேன். கணக்கு நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணக்கில் 72, இயற்பியலில் 68, வேதியியலில் 74 என்றால் 72, 34, 37 கூட்டி 143. தமிழில் 95 எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு பைசாவுக்குப் பயனில்லை. இந்த 143ஐ எடுத்துக்கொண்டு, போன ஆண்டு எஸ்.டி. பிரிவில் எந்தெந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் அதற்குக் கீழே முடிந்தது என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களின் பெயர்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வாயைத் திறக்கலாம்.

ஐ.ஐ.டி. என்றால் சிரிக்கிறீர்கள். 2025இல் கல்வராயன் மலையில், கருமந்துறை அரசுப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் எஸ்.டி. பிரிவில் அகில இந்திய அளவில் 417ஆம் இடம் பெற்று ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கொருவராகக் குடியேறினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கதைப்படி பார்த்தால் அது நம் பங்காளி வீட்டுப் பிள்ளை. அங்கேயும் மலைதான், அங்கேயும் உண்டு உறைவிடப் பள்ளிதான்.

2025இல் அட்வான்ஸ்டு எழுதப் பழங்குடியினருக்கு வைத்த தகுதி 47.90 சதமானம். நூற்றுக்கு 48 மதிப்பெண் என்று இதைப் படிக்கக் கூடாது. தேர்வு எழுதிய பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 48 பேர் உங்களுக்குப் பின்னால் இருந்தால் போதும் என்று பொருள். பாதிப் பேருக்கு முன்னால்கூட வர வேண்டியதில்லை. இது எழுதத் தகுதி மட்டுமே, இடத்துக்கு உறுதி கிடையாது. அட்வான்ஸ்டு தேர்வில் அகில இந்தியாவின் எஸ்.டி. பட்டியலோடு மோத வேண்டும். ராஜஸ்தானின் கோட்டா நகரில் இரண்டாண்டு தங்கிப் படித்தவர்கள் அதில் நிறைய. ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு அங்கே ஒரு மேடு இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் உங்களில் எத்தனை பேருக்கு ஐ.ஐ.டி.யின் தயாரிப்பு வகுப்பு பற்றித் தெரியும்? எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிப் பிரிவுகளில் இடம் நிரம்பாவிட்டால், தரவரிசைக்குக் கொஞ்சம் கீழே நின்றவர்களை ஓராண்டுத் தயாரிப்பு வகுப்பில் சேர்த்துக் கொள்கிறார்கள். அந்த ஆண்டை முடித்துத் தேறினால் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதாமலே அடுத்த ஆண்டு பி.டெக். சேரலாம். பல ஆண்டுகளாக இருக்கும் ஏற்பாடு இது. நம் மலையில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பணம் என்று ஒரு கேள்வி வரும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இரண்டிலும் எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேர்கிறவர்களின் இளங்கலைச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். "பணமில்லை, அதனால் பெரிய காலேஜ் வேண்டாம்" என்ற கணக்கு தலைகீழானது. சுமாரான தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்குத்தான் காட்டை அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

இனி, மனத்தில் வெகுநாளாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மிளகு நல்ல விலை போன ஆண்டில் பிள்ளையை ஆறாம் வகுப்பிலேயே மலைக்குக் கீழே உள்ள தனியார் விடுதிப் பள்ளிக்கு அனுப்புவது நம்மிடம் பெருமையாகிவிட்டது. நாமக்கல், ராசிபுரம் பள்ளிகளின் புகழ் நாடறிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போதும் என்றிருந்த காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து அந்த விடுதிகளை நிரப்பினார்கள். 2017இல் நீட் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது, விளம்பரப் பலகைகள் மட்டும் மாறவில்லை. அனுப்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பள்ளியில் ஆசிரியர் இல்லாத ஆண்டில் ஒரு தகப்பன் வேறென்ன செய்வான்? ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கே அரசுப் பள்ளிகளுக்கான 7.5 விழுக்காட்டுப் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறது. கட்டணமில்லாப் படிப்பும் அத்தோடு போகிறது. எட்டாவது முடித்து மலைக்குத் திரும்பி வந்து அரசுப் பள்ளியில் சேர்ந்தாலும், கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் அங்கே படித்ததாக இருந்தால் ஒழிய, போனது போனதுதான். ஊர்க்கவுண்டர்களே, ஆறாம் வகுப்பில் டி.சி. வாங்க வரும் தகப்பனிடம் இந்த ஒரு செய்தியை யாராவது சொல்லியிருக்கிறோமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது அந்தச் சட்டம். பிள்ளையை அதன் பள்ளியோடு ஒப்பிட்டுப் பார் என்பது கருத்து. வசதியுள்ள சில பெற்றோர் அதன்பின் பிள்ளைகளை எளிய பள்ளிகளுக்கு மாற்றினார்கள் என்று கூட ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே சட்டத்தைப் படித்துவிட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் பேருந்தின் பின்னால் ஒட்டிய படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எந்தக் குரூப் என்று முடிவாகும்போதே பாதிக் கதவுகள் திறக்கவோ மூடவோ செய்கின்றன. கணக்கு இல்லாத குரூப்பில் போட்ட பெண்ணுக்கு மேலே சொன்ன திருச்சிப் பட்டியல் கிடையாது. "பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு கஷ்டம்" என்று சொல்லி மாற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்னொன்று, என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. எண் மட்டும் போதாது. பிளஸ் டூவில் எஸ்.டி. மாணவர் 65 விழுக்காடாவது எடுத்திருக்க வேண்டும், அல்லது தம் வாரியத்தில் முதல் இருபது சதமானத்துக்குள் வர வேண்டும். ஜே.இ.இ.யில் நல்ல எண் வந்துவிட்டது என்று மார்ச் தேர்வை ஏனோதானோவென்று எழுதிய பிள்ளை ஜூலையில் அழும்.

பக்கத்திலேயே கிடக்கும் நல்ல இடங்களையும் நாம் பார்ப்பதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. ஆடும் மாடும் கோழியும் இல்லாத வீடு நம் மலையில் ஏது? அங்கே மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணே போதும். ஆனால் டாக்டர் என்றால் மனுஷ டாக்டர்தான் என்று நினைத்துக்கொண்டு, நீட்டில் விட்டதும் பிள்ளை பி.எஸ்சி.க்குப் போய்விடுகிறது, இந்த விண்ணப்பத்தின் தேதி அதற்குள் முடிந்திருக்கும். நாமக்கல்லில் 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வரலாறும் பொருளியலும் படித்த பிள்ளைகளுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கான கியூட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், பழங்குடியினருக்கு அங்கேயும் 7.5 விழுக்காடு.

கடைக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் கடை எண்ணைப் போடாதீர்கள். வேகமாக முடிக்க வேண்டும், பிள்ளையின் வீட்டில் டவர் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் கலந்தாய்வு நாளில் ஓ.டி.பி. உங்களுக்கு வரும், பிள்ளை தேடிக்கொண்டிருக்கும், நீங்கள் நாமக்கல் போயிருப்பீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கவும், கிடைத்த இடத்தை உறுதி செய்யவும் சில நாள் அவகாசமே கொடுக்கிறார்கள். தேதி தாண்டினால் இடம் அடுத்தவருக்கு. இந்த நாட்கள் பெரும்பாலும் ஆடியை ஒட்டியே வருகின்றன. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கைக்கும் கூட்டம் ஏறும்போது வளப்பூர் நாட்டில் யாருக்கு எந்தத் தேதி நினைவிலிருக்கும்? சிக்னலும் அன்றைக்கென்று படுத்துவிடும். அந்த வாரம் பிள்ளையை ஒரு நாள் கீழே உறவினர் வீட்டில் தங்கவைத்தாவது விருப்பப் பட்டியலைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

விருப்பப் பட்டியலும் பத்து வரியில் முடியக்கூடாது. பலர் கேள்விப்பட்ட நான்கு கல்லூரிகளைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மிகப் பிடித்ததை மேலே வைத்து, எட்டாது என்று நினைப்பதையும் சேர்த்துக் கீழே வரை எழுத வேண்டும். எட்டாததை மேலே எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது, அந்த முறையின் வேலையே அப்படி. இதைப் பிள்ளைகள் நம்புவதில்லை, நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

கீழே வேலைக்குப் போன அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடம் கேட்பது சேர்ந்த பிறகு வரும் காலத்தைப் பற்றி. சீட்டு கிடைத்த செய்தி ஊரெல்லாம் தெரியும், முதல் பருவத்தில் திரும்பி வந்த செய்தி யாருக்கும் தெரியாது. பாடம் ஆங்கிலத்தில் ஓடும், விடுதியில் பேச ஆளிருக்காது, "என்ன ரேங்க்?" என்று கேட்டுவிட்டு ஒருவன் ஒரு மாதிரிப் பார்ப்பான். அந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு போன் பேசுகிற ஒருவர் இருந்தால் பிள்ளை தங்கிவிடும். வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, போய் நிலைக்கும் வாய்ப்பையும் சேர்த்தே போட வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கல்லூரி என்றால் அங்கே படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் எண்ணை வாங்கிக் கொடுங்கள். எந்தக் கோட்டாவிலும் கிடைக்காத உதவி அது.

கடைசியாகச் சான்றிதழ். நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது, அதற்கு முன் சேலம். மலையாளி என்ற பிரிவு சேலம், தருமபுரி, வடஆற்காடு, தென்ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கென்று பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் நமக்குச் சிக்கலில்லை. ஈரோடு மாவட்டத்தின் பர்கூரிலும் கடம்பூரிலும் அதே மலையாளி மக்கள் இதற்காகப் பல்லாண்டாகப் போராடுகிறார்கள். உரிமை கையிலிருக்கும் நாம், பிளஸ் டூ முடிந்த பிறகு ஜூன் மாதத்தில் சான்றிதழுக்கு ஓடுகிறோம். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர மாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாளாகும். ஒருமுறை வாங்கிவிட்டால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கிவிடலாம். வாங்கும்போதே ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ் என்றிருந்தால் திருத்த ஒரு மாதம் போய்விடும்.

ஜே.இ.இ. மெயின் விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் அக்டோபர், நவம்பரில் வருகிறது, முதல் தேர்வு ஜனவரியில். கட்டணம் 2025இல் பொதுப்பிரிவு ஆண் மாணவருக்கு 1,000 ரூபாய், எஸ்.டி.க்கு 500. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் யார் யார், அவர்களில் யாரிடம் கோட்டாட்சியர் சான்றிதழ் இல்லை என்று தலைமையாசிரியர்கள் இந்த வாரத்திலேயே ஒரு பட்டியல் எடுத்து ஊர்க்கவுண்டர்களிடம் கொடுங்கள். மீதி வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
மலையிலிருந்து இறங்கிப் படித்தவர்களில் ஒருவன்